குவார்ட்ஸ் க்ரோனோகிராஃப்: மெஷினைப் பார்த்து வாங்குங்கள்

கடிகாரத் தொழிலுக்கு 1969 போல இன்னொரு ஆண்டு வாய்க்கவில்லை. ஜனவரியில் ஸெனித் நிறுவனம் எல் பிரிமேரோவை அறிவித்தது. மார்ச்சில் ஹாயர், ப்ரைட்லிங், ஹாமில்டன்-ப்யூரன், டுபுவா-டெப்ரா கூட்டணி கேலிபர் 11ஐ வெளியிட்டது. மே மாதம் ஜப்பானில் செய்கோவின் 6139 கடைக்கு வந்தது. தானாகச் சாவி ஏறும் க்ரோனோகிராஃபை, அதாவது நேரம் காட்டுவதோடு ஸ்டாப்வாட்ச்சாகவும் வேலை செய்யும் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரத்தை, யார் முதலில் செய்வது என்ற போட்டியில் மூன்று தரப்பும் சில மாத இடைவெளியில் கோட்டைத் தொட்டன. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் அதே செய்கோ, குவார்ட்ஸ் அஸ்ட்ரானை 4,50,000 யென்னுக்கு விற்பனைக்கு வைத்தது. பல்சக்கரமும் சுருள்வில்லும் எட்டிய உச்சமும், அவற்றை ஓரங்கட்டப்போகும் குவார்ட்ஸின் வருகையும் ஒரே ஆண்டில் நடந்தன. ஆனால் குவார்ட்ஸ் துல்லியமும் க்ரோனோகிராஃப் முட்களும் ஒரே வாட்ச்சுக்குள் சேர இன்னும் 14 ஆண்டுகள் பிடித்தன.

ஏன் அவ்வளவு காலம்? எண்ணால் காட்டும் ஸ்டாப்வாட்ச் குவார்ட்ஸுக்கு எளிது. துடிப்புகளை எண்ணித் திரையில் காட்டினால் போதும். 1975இல் செய்கோவின் 0634 அதைச் செய்தது. மறு ஆண்டு, மான்ட்ரியல் ஒலிம்பிக் சமயத்தில், ஒமேகாவின் க்ரோனோ-குவார்ட்ஸ் நேரத்தை முள்ளாலும் ஸ்டாப்வாட்ச்சை எண் திரையாலும் காட்டியது. முள்ளை ஓட்டுவதுதான் கடினமாக இருந்தது. முள்ளுக்கு எடை உண்டு. அதை நகர்த்த விசை வேண்டும். விசைக்கு மின்சாரம் வேண்டும். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு செல்லை வைத்துக்கொண்டு ஐந்தாறு முட்களை ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது எப்படி என்பதே கேள்வி.

குவார்ட்ஸ் வாட்ச்சின் உள்ளே ஓர் இசைக்கவை வடிவப் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று கிடைக்கும். ஐ.சி. என்ற மின்னணுச் சில்லு அந்த வேலையைச் செய்து விநாடிக்கு ஒரு மின்துடிப்பை ஒரு குட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. அந்த வகை மோட்டாருக்கான வழியை 1930களிலேயே வகுத்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் மாரியஸ் லவே. ஒவ்வொரு துடிப்புக்கும் மோட்டாரின் காந்தம் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். பல்சக்கரங்கள் அதை விநாடி முள்ளின் ஓர் அடியாக மாற்றும். துடிப்புகளுக்கு இடையில் மோட்டார் சும்மா இருப்பதால்தான் ஒரு செல் மூன்று நான்கு ஆண்டுகள் தாங்குகிறது.

1983இல் வந்த செய்கோ 7ஏ28, முட்களால் காட்டிய முதல் குவார்ட்ஸ் க்ரோனோகிராஃப். அதற்கு முன் இருந்த மெக்கானிக்கல் எந்திரங்களில் ஒரே மூலவிசையைக் கிளட்ச் போட்டு இணைப்பதும் பிரிப்பதுமே க்ரோனோகிராஃபின் வேலையாக இருந்தது. செய்கோவின் பொறியாளர்கள் அந்த வழியை முழுவதுமாகக் கைவிட்டார்கள். நான்கு மோட்டார்கள், அன்றாட நேரத்துக்கு ஒன்று, க்ரோனோகிராஃப் விநாடிக்கு ஒன்று, நிமிடத்துக்கு ஒன்று, விநாடியின் இருபதில் ஒரு பங்குக்கு ஒன்று. கிளட்ச்சும் இல்லை, நெம்புகோலும் இல்லை. எந்த முள் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை ஐ.சி. பார்த்துக்கொள்ளும். என் மதிப்பில் கைக்கடிகாரப் பொறியியலில் நடந்த மிகத் தெளிவான சிந்தனைகளில் இது ஒன்று. தெரிந்த ஒன்றை மின்சாரத்துக்கு மாற்றாமல், மின்சாரம் இருந்தால் அந்த வேலையை எப்படிச் செய்வோம் என்று முதலிலிருந்து யோசித்திருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 7ஏ28இல் 15 ரூபி கற்கள் இருந்தன. தட்டுகளும் சக்கரங்களும் உலோகம். திருகுகளைக் கழற்றி, சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டலாம். பிரிட்டனின் ராயல் விமானப்படை 1980களில் இந்த எந்திரம் கொண்ட வாட்ச்சைத் தன் விமானிகளுக்கு வழங்கியது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியார்ஜெட்டோ ஜுஜியாரோ இதே எந்திரத்துக்கு வரைந்த வாட்ச்சை 1986இல் வந்த ஏலியன்ஸ் படத்தில் சிகோர்னி வீவரின் மணிக்கட்டில் பார்க்கலாம்.

அதே 1983 மார்ச்சில் ஸூரிக்கில் ஸ்வாட்ச் அறிமுகமானது. அதன் பாகங்கள் மொத்தம் 51. கண்ணாடி உருக்கி ஒட்டப்பட்டது; எந்திரம் பிளாஸ்டிக் பெட்டியோடு சேர்த்தே கட்டப்பட்டது. செல்லை மாற்றலாம், பழுது பார்க்க முடியாது. ஸ்விஸ் தொழிலைக் காப்பாற்றியது அந்த வாட்ச்தான். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் குவார்ட்ஸ் க்ரோனோகிராஃபின் பின்னாளைய கதையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கழற்றிப் பூட்டும் எந்திரமாகப் பிறந்த ஒன்று, பத்திருபது ஆண்டுகளில் மெல்ல மெல்ல மாற்றிப்போடும் பண்டமாக ஆனது. இன்று குவார்ட்ஸ் க்ரோனோகிராஃப் மேல் வைக்கப்படும் புகார்களில் பெரும்பகுதி படிகத்தின் குறையும் அல்ல, மோட்டாரின் குறையும் அல்ல. இந்தச் சரிவின் விளைவு.

முதலில் பலத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையான பலம். சாதாரண குவார்ட்ஸ் க்ரோனோகிராஃப் மாதத்துக்கு 15 முதல் 20 விநாடிக்குள் முன்பின்னாக ஓடும் என்று தயாரிப்பாளர்கள் உறுதி தருகிறார்கள். ஸ்விட்சர்லாந்தின் காஸ்க் அமைப்பு சான்றளிக்கும் உயர்தர மெக்கானிக்கல் எந்திரத்துக்கு அனுமதி, நாளொன்றுக்கு 4 விநாடி பின்னாலும் 6 விநாடி முன்னாலும். ஒரு வாரத்தில் மெக்கானிக்கல் தவறக்கூடிய அளவைக் குவார்ட்ஸ் இரண்டு மாதத்தில்தான் எட்டும். மேலும், மெக்கானிக்கலில் க்ரோனோகிராஃபை இயக்கினால் கூடுதல் சக்கரங்களின் சுமை சமநிலைச் சக்கரத்தின் வீச்சைக் குறைத்து ஓட்டத்தையே மாற்றிவிடக்கூடும். தனி மோட்டார் உள்ள குவார்ட்ஸில் அந்தப் பிரச்சினை எழாது. பிரபலமான 7750 மெக்கானிக்கல் எந்திரம் தனியாகவே 7.9 மில்லிமீட்டர் தடிமன். குவார்ட்ஸில் அதைவிட மெல்லிய வாட்ச் சுலபம். கையில் கட்டிக்கொண்டு பந்து வீசலாம், பைக்கில் குண்டும் குழியும் தாண்டலாம்.

துல்லியத்துக்கு ஒரு எல்லை உண்டு, அது வெப்பம். இசைக்கவைப் படிகம் ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸில் மிக வேகமாக அதிரும். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும். விலகும் டிகிரியின் வர்க்கத்தைப் பத்து லட்சத்துக்கு 0.035 என்ற எண்ணால் பெருக்கினால் பின்னடைவு கிடைக்கும். 35 டிகிரியில் நாளுக்கு 0.3 விநாடி. சித்திரை வெயிலில் சென்னை வீட்டின் மேசையில் 40 டிகிரியில் கிடக்கும் வாட்ச் நாளுக்கு ஏறத்தாழ 0.7 விநாடி, மாதத்துக்கு 20 விநாடி பிந்தும். கையில் கட்டியிருந்தால் தோலின் சூடு அதை 30 டிகிரியை ஒட்டி வைத்திருக்கும், பிழை வெகுவாகக் குறையும். கோடைக்காலத்தில் வாட்ச் பிந்துகிறது என்று கடைக்குப் போகிறவர்கள் முதலில் அதைத் தினமும் கட்டிப் பார்க்கலாம்.

இந்தக் குறைக்கும் மருந்து உண்டு. வெப்பத்தை உணர்ந்து துடிப்பைத் திருத்தும் எந்திரங்களை ப்ரைட்லிங் சூப்பர்குவார்ட்ஸ் என்ற பெயரில் க்ரோனோகிராஃபிலும் வைத்தது. 2017இல் திரும்ப வந்த லாஞ்சீன்ஸ் வி.ஹெச்.பி. வரிசை ஆண்டுக்கு 5 விநாடி என்ற துல்லியத்தைச் சொல்கிறது. அதிர்ச்சியில் முள் இடம் மாறினால் அதுவே கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ளும். புலோவா வேறு வழியில் போய், வழக்கத்தைவிட எட்டு மடங்கு வேகத்தில், விநாடிக்கு 2,62,144 முறை அதிரும் படிகத்தைப் பயன்படுத்துகிறது. இவை விலை கூடியவை. பெரும்பாலான வாசகர்களின் தேவைக்கு அப்பாற்பட்டவை.

ஸ்டாப்வாட்ச்சின் நுணுக்கத்தைப் பற்றி ஒரு சொல். விநாடியின் இருபதில் ஒன்று, நூறில் ஒன்று என்று டயலில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கண் பார்த்து விரல் அழுத்த ஆகும் நேரமே விநாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 100 மீட்டர் ஓட்டத்தில் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டும் வழக்கம் தடகளத்தில் இருப்பது அதனால்தான். கையால் அழுத்தும் எந்தக் கருவிக்கும் ஐந்தில் ஒரு பங்கு நுணுக்கம் போதும். பல மலிவான எந்திரங்களில் நடு முள் விநாடிக்கு ஒரு தாவல் மட்டுமே தாவுகிறது. அது நடைமுறைக்குப் போதாது என்பது என் கருத்து. வெறும் ஸ்டாப்வாட்ச் மட்டும் வேண்டும் என்பவருக்கு 1989 முதல் விற்கப்படும் காஸியோ எஃப்-91டபிள்யூ நூறில் ஒரு பங்குவரை காட்டும். எந்த முள் வாட்ச்சும் அதன் விலைக்கு அருகில் வராது.

முட்களைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது குவார்ட்ஸ் க்ரோனோகிராஃபின் பலவீனமான கணம். 7ஏ28இலும் அதன் வழிவந்த பல எந்திரங்களிலும் ஐ.சி. முள்ளைப் பார்ப்பதில்லை; தான் அனுப்பிய துடிப்புகளை மட்டும் எண்ணி வைத்துக்கொள்கிறது. ரீசெட் பட்டனை அழுத்தினால் அந்தக் கணக்கின்படி முள்ளை ஓட்டிப் பன்னிரண்டில் நிறுத்தும். நடுவில் ஓர் அடி பட்டு முள் ஒரு படி தவறியிருந்தாலோ, செல் மாற்றும்போது கணக்கு அழிந்திருந்தாலோ, முள் பன்னிரண்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய் நிற்கும். வாங்கியவர் எந்திரம் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார். சாவியை வெளியே இழுத்துப் பட்டன்களை அழுத்தி முள்ளைச் சரிசெய்யும் வசதி பெரும்பாலானவற்றில் உண்டு. கையேட்டில் எழுதியிருக்கும், கையேட்டை யாரும் வைத்திருப்பதில்லை.

இந்தக் குறைக்கு விடையாக வந்ததுதான் மெக்கா-குவார்ட்ஸ். இதயவடிவக் காம் ஒன்றின்மேல் சுத்தியல் விழுந்தால், முள் எங்கே இருந்தாலும் ஒரே நொடியில் பூஜ்யத்துக்குத் திரும்பும் என்பதற்குக் கடிகாரக்காரர் அடால்ஃப் நிக்கோல் 1844லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். 1980களின் பிற்பகுதியில் ஜேகர்-லெகூல்தரும் ஃபிரெடெரிக் பிகேயும் அந்தச் சுத்தியலைக் குவார்ட்ஸோடு சேர்த்தார்கள், ஐ.டபிள்யூ.சி. போன்ற நிறுவனங்கள் ஜேகர்-லெகூல்தரின் எந்திரத்தை வாங்கிப் பயன்படுத்தின. அன்று அது பணக்காரர் சரக்கு. இன்று செய்கோ குழுமம் டி.எம்.ஐ. என்ற பெயரில் விற்கும் விகே வரிசை அதே அனுபவத்தை எவருக்கும் எட்டும் விலையில் தருகிறது. துடிப்பு குவார்ட்ஸுடையது, நடு முள் விநாடிக்கு ஐந்து தாவலாக நகரும், பட்டனை அழுத்தினால் சுத்தியல் அடித்து முள் சட்டென்று பாய்ந்து நிற்கும். அந்தப் பட்டனின் கிளிக்கை விரல் உணரும் சுகம், மின்சாரப் பட்டனில் கிடைக்காது. 2021இல் தொடங்கிய ஃபர்லான் மாரி என்ற சிறு நிறுவனம் விகே64ஐ வைத்துச் செய்த வாட்ச், அதே ஆண்டு ஜெனீவாவின் கிராண்ட் ப்ரீ கடிகார விருது விழாவில் ஒரு பரிசையே பெற்றது.

விகே64ஐ நான் விரும்புகிறேன்; அதனாலேயே அதன் குறைகளை மறைக்க மாட்டேன். டயலில் இரண்டு சிறு வட்டங்கள். இடதுபுறம் 60 நிமிடக் கணக்கு, வலதுபுறம் 24 மணிநேர வட்டம். அந்த 24 மணிநேர முள் மணி முள்ளோடு பல்சக்கரத்தால் பிணைக்கப்பட்டது; வேறு ஊரின் நேரத்தைக் காட்டாது, இப்போது பகலா இரவா என்பதை மட்டும் சொல்லும். டயலை நிரப்ப வைத்தது என்பதே உண்மை. 60 நிமிடத்துக்கு மேல் அளக்க முடியாது. இவற்றைவிடப் பெரிய குறை, ஓடும் விநாடி முள்ளே கிடையாது. க்ரோனோகிராஃப் நின்றிருக்கும்போது நிமிட முள் மட்டும்தான் அசையும். வாட்ச் ஓடுகிறதா, செல் தீர்ந்து நின்றுவிட்டதா என்பது பார்த்தவுடன் தெரியாது. செல் தீரும் நேரத்தில் விநாடி முள் இரண்டு அல்லது நான்கு விநாடிக்கு ஒருமுறை தாவி எச்சரிக்கும் வசதி வேறு எந்திரங்களில் உண்டு. விநாடி முள்ளே இல்லாத இடத்தில் அது எப்படி இருக்கும்? அதன் அண்ணன் விகே63இல் ஆறு மணி இடத்தில் சிறு விநாடி முள் உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், டயல் கொஞ்சம் நெரிசலாக இருந்தாலும் விகே63தான் புத்திசாலித்தனமான தேர்வு.

மெக்கா-குவார்ட்ஸிலும் முள் விலகலாம். அச்சின்மேல் இறுக்கிச் செருகியிருக்கும் முள், பல ஆண்டுச் சுத்தியலடியில் சற்று வழுக்கிவிட்டால் பட்டனால் சரிசெய்ய முடியாது. திறந்து முள்ளை எடுத்துப் பூஜ்யத்தில் மறுபடி அமர்த்த வேண்டும். நல்ல கை வேண்டிய வேலை.

இப்போது செல். நடைமுறையில் குவார்ட்ஸ் க்ரோனோகிராஃபைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். 7ஏ28க்கும் விகே வரிசைக்கும் வேண்டியது எஸ்.ஆர். 936 எஸ்.டபிள்யூ என்ற வெள்ளி ஆக்ஸைடு செல், சிலர் 394 என்பார்கள். இதே அளவில் எல்.ஆர். அல்லது ஏ.ஜி.9 என்ற அல்கலைன் செல் மலிவாகக் கிடைக்கும். உருவம் ஒன்று, குணம் வேறு. வெள்ளி ஆக்ஸைடு செல் தீரும்வரை ஏறத்தாழ 1.55 வோல்ட்டைச் சீராகத் தரும். அல்கலைன் மெல்ல மெல்ல இறங்கும், சீக்கிரம் கசியவும் செய்யும். நான்கு மோட்டார் உள்ள எந்திரத்துக்கு அல்கலைனைப் போடுவது அதன் ஆயுளைச் சூதாடுவது. வெள்ளி ஆக்ஸைடும் தீர்ந்தபின் உள்ளேயே கிடந்தால் கசியும். கசிந்த காரம் சர்க்யூட்டின் செம்புக் கோடுகளையும், முடியைவிட மெல்லிய காயில் கம்பிகளையும் அரித்துவிடும். அதற்குப் பின் சுத்தம் செய்வதில் பயனில்லை.

நம் ஊரில் குவார்ட்ஸ் புதிதல்ல. டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984இல் உருவாக்கிய டைட்டன், ஓசூர் ஆலையில் தொடக்கம் முதலே குவார்ட்ஸை நம்பித்தான் இறங்கியது. அதனால் எந்தத் தெருமுனை வாட்ச் கடைக்காரரும் மூன்று முள் வாட்ச்சுக்குச் செல் போட்டுத் தந்துவிடுவார். க்ரோனோகிராஃப் அப்படியல்ல. செல்லை மாற்றியபின் சர்க்யூட்டில் ஏ.சி. என்று குறித்த புள்ளியையும் செல்லின் நேர்முனையையும் சிமிட்டாவால் ஒரு கணம் இணைத்து ஐ.சி.யின் கணக்கை அழிக்க வேண்டும் என்று செய்கோ அறிவுறுத்துகிறது. அதைச் செய்யாவிட்டால் முட்கள் கண்டபடி நடந்துகொள்ளலாம். பின்மூடியின் ரப்பர் வாஷரைப் பார்த்து, காய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். இரண்டு பட்டனின் தண்டிலும் தனித்தனி வாஷர் இருக்கிறது; தண்ணீர் புகும் வாசல் சாதாரண வாட்ச்சைவிட இரண்டு கூடுதல். தண்ணீருக்குள் பட்டனை அழுத்தக் கூடாது என்பது அதனால்தான். இதையெல்லாம் செய்கிறவரிடம் கொஞ்சம் அதிகம் கொடுத்துச் செல் மாற்றுவது வீண்செலவல்ல.

வெயிலில் மின்சாரம் எடுக்கும் வாட்ச் இந்தத் தலைவலியைக் குறைக்கிறது. செய்கோவின் வி175 முழுதாக ஊட்டம் ஏறினால் இருட்டில் ஆறு மாதம் ஓடும். ஆனால் உள்ளே இருப்பதும் ஒரு மின்கலம்தான். பல ஆண்டுகளில் அதுவும் தளரும், அதையும் மாற்றத்தான் வேண்டும்.

பழுது பார்ப்பதில்தான் எந்திரத்துக்கு எந்திரம் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஸ்விஸ் நிறுவனமான ஈடிஏவின் 251.262இல் 27 கற்கள். அதே நிறுவனம் பின்னர் கொண்டுவந்த ஜி10.211இல் 4. ரோண்டா 5030.டி-யில் 13. கல்லின் எண்ணிக்கையே தரம் ஆகாது என்றாலும், எந்த எந்திரத்தைக் கழற்றிப் பூட்ட நினைத்துச் செய்தார்கள், எதைத் தூக்கிப்போட நினைத்துச் செய்தார்கள் என்பதை அது ஓரளவு காட்டிக்கொடுக்கும். மலிவான எந்திரம் நின்றால் கடைக்காரர் "மெஷினை மாத்திடலாம் சார்" என்பார். அவர் சொல்வது சரி; திறந்து சுத்தம் செய்யும் கூலி புது மெஷினின் விலையைத் தாண்டிவிடும். விகே64 போன்று உலகெங்கும் விற்கும் எந்திரத்துக்கு இது ஒரு வகையில் வசதிகூட. மெஷின் சுலபமாகக் கிடைக்கும், டயலும் முட்களும் பெட்டியும் அப்படியே இருக்கும். ஆபத்து, தயாரிப்பு நின்றுபோன மெஷினில் இருக்கிறது.

7ஏ28க்கே அந்தக் கதி வந்துவிட்டது. உலோகப் பாகங்கள் இன்னும் நூறாண்டு ஓடும் தகுதியோடு இருக்கின்றன. ஐ.சி. செத்தால் மட்டும் செய்வதற்கு ஒன்றுமில்லை. இன்னொரு 7ஏ28ஐ வாங்கிக் கழற்றி எடுக்க வேண்டியதுதான். உடைந்த பல்சக்கரத்தை ஒரு தேர்ந்த கடிகாரக்காரர் பட்டறையில் வெட்டித் தர முடியும், ஐ.சி.யை எந்தப் பட்டறையிலும் வெட்ட முடியாது. மெக்கானிக்கல் க்ரோனோகிராஃபுக்கு எதிராகக் குவார்ட்ஸ் தோற்கும் இடம் இது ஒன்றே, அதுவும் முழுமையான தோல்வி. தாத்தாவின் வாட்ச் என்று பேரனுக்குக் கொடுக்க நினைப்பவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதேவேளை, எண்ணெய் உறைந்து நின்றுபோன பழைய குவார்ட்ஸை "செத்துப்போச்சு" என்று தள்ளுவது அவசரம். இந்த மோட்டார்களின் விசை மிகச் சிறியது. சிறிது பிசுக்கு போதும் நிறுத்த. சுத்தம் செய்து எண்ணெய் விட்டதும் உயிர்பெறும் எந்திரங்கள் ஏராளம்.

புதிதாக வாங்குகிறவர் அடிக்கடி தடுமாறும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் இருக்கும் நீண்ட முள் அசையாமல் நிற்பது பழுதல்ல. அது ஸ்டாப்வாட்ச் முள், பட்டனை அழுத்தினால்தான் ஓடும். அழகுக்காக அதை எப்போதும் ஓடவிடுகிறவர்கள் செல்லின் ஆயுளைக் குறைத்துக்கொள்கிறார்கள். சந்தையில் விற்கும் சிலவற்றில் சிறு வட்டங்கள் டயலில் அச்சடித்த வெறும் படங்கள். வாங்கும் முன் பட்டனை அழுத்தி, நிறுத்தி, ரீசெட் செய்து பாருங்கள். முள் சரியாகப் பன்னிரண்டில் வந்து நிற்கிறதா என்று மூன்று நான்கு முறை பாருங்கள்.

நேரத்தை அளக்கும் கருவி என்ற அளவில் குவார்ட்ஸ் க்ரோனோகிராஃபுக்கு மெக்கானிக்கல் இணையில்லை என்பதே என் தீர்ப்பு. பரம்பரைப் பொருள் என்ற அளவில் அது தேறாது. எந்தத் தேவைக்கு வாங்கினாலும் பிராண்டின் பெயரோடு நின்றுவிடாமல் உள்ளே இருக்கும் மெஷினின் எண்ணைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்தின் விவரப் பட்டியலில் இருக்கும். அங்கும் இல்லையென்றால் அந்த வாட்ச்சை விட்டுவிடுங்கள். வீட்டு அலமாரியில் ஓடாமல் கிடக்கும் குவார்ட்ஸ் க்ரோனோகிராஃப் ஏதாவது இருந்தால், அதைப் பழுது பார்ப்பதா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்யலாம். இந்த வாரமே கொண்டுபோய் உள்ளே இருக்கும் செத்த செல்லை வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.